மாத்திரையின் விலையைப் பேசி முடிப்பவர் யார்?

மருந்துச் சீட்டில் ஐந்து மாத்திரைகள் எழுதப்பட்டிருக்கும். கடையில் மூன்று மட்டுமே வாங்கப்பட்டிருக்கும். அல்லது ஐந்தும் வாங்கப்பட்டிருக்கும், ஆனால் முப்பது நாளுக்குப் பதிலாகப் பத்து நாளுக்கு. மறுபரிசோதனைக்கு வரும் முதியவர்களின் மாத்திரை அட்டைகளை எண்ணிப் பார்க்கும்போது இது அடிக்கடி தெரியவருகிறது. விடுபடுவது பெரும்பாலும் வலி மாத்திரை அன்று. இரத்த அழுத்த மாத்திரையும் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையும்தான். அவற்றை நிறுத்திய அன்று உடம்பில் எந்த மாற்றமும் தெரிவதில்லை. அதனால் நிறுத்தலாம் என்று தோன்றிவிடுகிறது. பக்கவாதமோ மாரடைப்போ சிறுநீரகப் பாதிப்போ வந்த பிறகே இழப்பு புலப்படுகிறது.

இதற்கு மறதியோ அலட்சியமோ மட்டும் காரணமன்று. தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 2023ஆம் ஆண்டில் மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. சர்க்கரை, இரத்த அழுத்தம், இதய நோய் ஆகிய மூன்றும் உள்ள ஒருவர் பிரபலமான வணிகப் பெயர்களில் மருந்து வாங்கினால், அந்தத் தொகை முழுவதும் மருந்துக்கே போதாமல் போகக்கூடும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஒரு குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை துணை நிற்கிறது என்பது உண்மையே. ஆயினும் அது முதன்மையாக மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. நாள்தோறும் காலையிலும் இரவிலும் விழுங்க வேண்டிய மாத்திரைக்கான செலவு குடும்பத்தின் மடியிலிருந்துதான் போகிறது. ஆகவே, மருத்துவமனையில் சேர வேண்டிய நிலையே வராமல் காக்கும் மருந்தின் விலை எப்படி முடிவாகிறது என்பதை நோயாளியும் அவரைக் கவனித்துக்கொள்பவரும் அறிந்திருப்பது பயன் தரும்.

சந்தையில் தக்காளி விலை அதிகம் என்றால் பேரம் பேசலாம். அடுத்த கடைக்குப் போகலாம். ஒரு வாரம் தக்காளி இல்லாமலும் சமைக்கலாம். மருந்தில் இவற்றுள் எதுவும் இயலாது. எதை வாங்குவது என்பதை மருத்துவர் முடிவு செய்கிறார். எந்த நிறுவனத்தின் சரக்கு கிடைக்கும் என்பதைக் கடை முடிவு செய்கிறது. பணம் கொடுப்பவருக்கு இரண்டிலும் குரல் இல்லை. அட்டையில் அச்சிட்ட விலையைக் கொடுக்க வேண்டியதுதான். எனவே உலகில் எந்த நாட்டிலும் மருந்தின் விலை குறைந்திருந்தால், அங்கே நோயாளிக்காக வேறொருவர் பேரம் பேசியிருக்கிறார் என்று கொள்ளலாம். பெரும்பாலும் அந்த வேறொருவர் அரசுதான்.

நம் மாநிலத்தில் இந்தப் பேரத்தைப் பேசுவது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். 1994 ஜூலையில் பதிவு செய்யப்பட்டு, 1995 ஜனவரி முதல் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வழங்கி வரும் நிறுவனம் இது. அதற்கு முன் அரசு மருத்துவமனைகளின் மருந்துக் கொள்முதல் சிதறிக் கிடந்தது. ஓரிடத்தில் மருந்து தேங்கிக் காலாவதியாகும். இன்னோரிடத்தில் அதே மருந்து இல்லையென்று வெளியே எழுதிக் கொடுப்பார்கள். கொள்முதலில் முறைகேடுகள் நடப்பதாகக் கடுமையான புகார்களும் எழுந்தன. அந்த நிலையை மாற்றவே கழகம் உருவானது.

அது செய்யும் வேலை கேட்பதற்கு எளியது. மாநிலம் முழுவதற்கும் தேவையான இன்றியமையா மருந்துகளின் பட்டியலை முதலில் வகுக்கிறது. பட்டியலில் வணிகப் பெயருக்கு இடமில்லை; மெட்ஃபார்மின், அம்லோடிபின், எனலாப்ரில் என்று மருந்தின் சொந்தப் பெயரே இருக்கும். இதனைப் பொதுப்பெயர் என்பர். பிறகு ஒவ்வொரு மருந்துக்கும் ஒப்பந்தப்புள்ளி கோரப்படுகிறது. நிறுவனங்கள் இரண்டு உறைகள் தர வேண்டும். உற்பத்தி உரிமம், தொழிற்கூடத்தின் தரம், வணிக அனுபவம் ஆகியவற்றுக்கான சான்றுகள் முதல் உறையில் இருக்கும். அதில் தேறியவர்களின் இரண்டாம் உறையை மட்டுமே திறந்து விலையைப் பார்ப்பார்கள். மிகக் குறைந்த விலை கேட்டவருக்கு ஆணை செல்கிறது. தேவைப்பட்டால், அதே விலைக்கு இசைந்து வரும் பிற நிறுவனங்களுக்கும் பங்கு கிடைக்கும்.

ஒரு மாநிலத்தின் அனைத்து அரசு மருத்துவமனைகளுக்கும் வேண்டிய மாத்திரைகளை ஒரே ஆணையில் பெறலாம் என்றால், நிறுவனம் விலையைக் குறைக்க மிகவும் விரும்பும். விற்பனைப் பிரதிநிதி வேண்டாம், விளம்பரம் வேண்டாம், வண்ண அட்டை வேண்டாம், ஊர் ஊராகக் கடைக்காரருக்கு இலாபம் தர வேண்டாம். இவற்றுக்கான செலவுகள் நீங்கினால் எஞ்சுவது மருந்துப் பொருளின் விலையும் நியாயமான இலாபமுமே. பழைய மருந்துகளைப் பொறுத்தவரை அந்தத் தொகை வியப்பூட்டும் அளவுக்குச் சிறியது.

"இவ்வளவு மலிவாக வாங்கினால் தரம் எப்படி இருக்கும்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. வேலூர் போன்ற மாவட்டத் தலைநகரங்களில் உள்ள கழகத்தின் கிடங்குகளுக்குச் சரக்கு வந்தவுடன் அது மருத்துவமனைக்குப் போய்விடுவதில்லை. ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுக்கப்படுகிறது. நிறுவனத்தின் பெயரை மறைத்து, குறியீட்டு எண் மட்டும் இட்டு, அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். எவருடைய மாத்திரையைச் சோதிக்கிறோம் என்பது ஆய்வகத்துக்குத் தெரியாது. தேறிய பிறகே மருத்துவமனைகளுக்கு வழங்கப்படும். தேறாத சரக்கு திரும்பிப் போகும். மீண்டும் மீண்டும் தவறினால் அந்த நிறுவனம் கறுப்புப் பட்டியலில் சேரும். தனியார் கடையில் வாங்கும் அட்டைக்கு இத்தனை கண்காணிப்பு உண்டா என்று கேட்டால், ஒவ்வொரு தொகுதிக்கும் இல்லை என்பதே விடை. அங்கே மருந்து ஆய்வாளர்கள் இடையிடையே மாதிரி எடுத்துச் சோதிப்பதே நடைமுறை.

இந்த ஏற்பாடு தமிழ்நாட்டோடு நின்றுவிடவில்லை. கேரளமும் இராஜஸ்தானும் இதை முன்மாதிரியாகக் கொண்டு தங்கள் கழகங்களை அமைத்தன. இராஜஸ்தானில் 2011 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிய இலவச மருந்துத் திட்டம் இதே கொள்முதல் முறையின் மேல் கட்டப்பட்டது.

இப்படி வாங்கப்பட்ட மருந்துதான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விலையின்றிக் கிடைக்கிறது. 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டு வாசலுக்கும் வருகிறது. சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கான மருந்துகளை 45 வயதுக்கு மேற்பட்டோருக்கும் நடமாட இயலாதோருக்கும் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் கொண்டுவந்து தருகின்றனர். ஆலங்காயத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்தும் சவ்வாது மலைப்பகுதியிலிருந்தும் பேருந்து பிடித்து வரும் முதியவர்களுக்கு மருந்தின் விலையோடு பயணச் செலவும், உடன் வருபவரின் ஒரு நாள் கூலியும் சேர்ந்தே கணக்காகின்றன. அந்த வகையில் வீடு தேடி வரும் மாத்திரையின் உண்மையான மதிப்பு அதன் விலையைவிடப் பல மடங்கு பெரிது.

ஆனால் எல்லோரும் அரசு நிலையத்தில் மருந்து பெறுவதில்லை. வேலூரிலோ சென்னையிலோ பெரிய மருத்துவமனையில் பார்த்துவிட்டு, அங்கே எழுதிய சீட்டோடு ஊர் திரும்பி, உள்ளூர்க் கடையில் வாங்குவோர் பலர். அவர்களுக்காகப் பேசும் அமைப்பு புது டெல்லியில் உள்ளது. 1997 ஆகஸ்டில் அமைக்கப்பட்ட தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் அது. கழகம் வாங்குபவராக நின்று விலையைக் குறைக்கிறது; ஆணையம் எதையும் வாங்குவதில்லை, இந்த விலைக்கு மேல் விற்கக் கூடாது என்று சட்டத்தால் வரம்பு கட்டுகிறது. நடுவணரசின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் உள்ளவற்றுக்கே அந்த வரம்பு பொருந்தும். 2022இல் திருத்தப்பட்ட பட்டியலில் 384 மருந்துகள் உள்ளன.

வரம்பு எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். ஒரே மருந்தை மூன்று நிறுவனங்கள் விற்கின்றன. கடைக்காரருக்கு அவை தரும் விலை ஓர் அட்டைக்கு முறையே 20, 14, 8 ரூபாய் என்று கொள்வோம். சந்தையில் ஒரு விழுக்காடாவது பங்குள்ள நிறுவனங்களின் விலைகள் மட்டுமே எடுத்துக்கொள்ளப்படும். மூன்றின் சராசரி 14 ரூபாய். அதனோடு கடைக்காரரின் பங்காக 16 விழுக்காடு சேர்த்தால் 16 ரூபாய் 24 காசு. அதுவே உச்ச விலை, வரி தனி. 20 ரூபாய்க்குக் கொடுத்தவர் இறங்கி வர வேண்டும். 2013ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணை வகுத்த முறை இது.

இந்தக் கணக்கில் உள்ள குறையையும் சொல்லிவிட வேண்டும். அதற்கு முன்பிருந்த 1995ஆம் ஆண்டு ஆணை, உற்பத்திச் செலவை அடிப்படையாகக் கொண்டு விலை வகுத்தது. அதன் கீழ் வந்த மூலமருந்துகள் 74 மட்டுமே என்பது அதன் குறை. இப்போதைய முறை பல மருந்துகளைத் தொடுகிறது. ஆனால் செலவைப் பார்ப்பதில்லை, சந்தையில் ஏற்கனவே நிலவும் விலையையே அளவுகோலாகக் கொள்கிறது. விலை உயர்ந்த பெயர்களே சந்தையை ஆளும்போது சராசரியும் உயர்ந்தே நிற்கும். அரசுக் கழகம் வாங்கும் விலைக்கும் ஆணையத்தின் உச்ச விலைக்கும் இடையே அகன்ற இடைவெளி இருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம் என்பது எம் கருத்து. மேலும், பட்டியலில் உள்ள மருந்துகளின் உச்ச விலை ஆண்டுதோறும் ஏப்ரலில் மொத்த விலைக் குறியீட்டெண்ணுக்கு ஏற்ப மாறும். 2022இல் 10.77 விழுக்காடும், 2023இல் 12.12 விழுக்காடும் உயர்த்திக்கொள்ள இடமளிக்கப்பட்டது. 2024இல் உயர்வு ஏறக்குறைய இல்லை, 2025இல் 1.74 விழுக்காடு. பட்டியலுக்கு வெளியே உள்ள மருந்துகளுக்கோ உச்ச விலையே கிடையாது. ஆண்டுக்கு 10 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்தக் கூடாது என்பது ஒன்றே கட்டுப்பாடு. இரண்டு மூன்று மருந்துகளை ஒரே மாத்திரையில் கலந்து விற்கும் கூட்டு மருந்துகளில் பல இந்த வெளிவட்டத்தில் இருப்பவை.

விலையை எவ்வளவு வேண்டுமானாலும் அழுத்தலாம் என்பதும் இல்லை. கட்டுப்படியாகாவிட்டால் நிறுவனம் அந்த மருந்தைத் தயாரிப்பதையே நிறுத்திவிடும். ஆஸ்துமாவுக்கான சால்பியூட்டமால், கண்நீர் அழுத்த நோய்க்கான பைலோகார்பின் சொட்டு மருந்து உள்ளிட்ட எட்டு மருந்துகளின் உச்ச விலையை 2024 அக்டோபரில் ஆணையமே 50 விழுக்காடு உயர்த்தியது இந்த அச்சத்தினால்தான்.

ஆணையத்தின் தலையீடு பெரும் பலன் தந்த இடங்களும் உண்டு. இதய இரத்தக் குழாயில் வைக்கும் மருந்து பூசிய ஸ்டென்ட் 2017 பிப்ரவரிக்கு முன் சராசரியாக 1,21,000 ரூபாய்க்கு மேல் விற்கப்பட்டது. அது 29,600 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் செயற்கை மூட்டுகளின் விலையும் வரம்புக்குள் வந்தது.

அமெரிக்காவில் நடந்ததை இங்கே சொல்வது பொருந்தும். அந்நாட்டு முதியோருக்கான மெடிகேர் காப்பீட்டில் மருந்துச் செலவையும் சேர்த்த 2003ஆம் ஆண்டுச் சட்டம், மருந்து நிறுவனங்களோடு அரசு விலை பேசக் கூடாது என்று தடையும் விதித்தது. 2022 ஆகஸ்டில் வந்த புதிய சட்டமே அந்தத் தடையைத் தளர்த்தியது. முதற்கட்டமாகப் பத்து மருந்துகளுக்கு விலை பேசப்பட்டது; புதிய விலைகள் 2026 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தன. சர்க்கரை நோய்க்கான ஜனுவியா மாத்திரையின் ஒரு மாதப் பட்டியல் விலை 527 டாலர். பேசி முடித்த விலை 113 டாலர். ஜார்டியன்ஸ் 573 டாலரிலிருந்து 197 டாலருக்கு இறங்கியது. உலகின் செல்வம் மிக்க நாட்டு முதியோருக்கு 2026இல் கிடைத்த பேரத்தை, தமிழ்நாடு தன் அரசு மருத்துவமனைகளுக்காக 1995 முதல் பேசி வருகிறது.

ஜனுவியாவில் உள்ள மருந்து சிட்டாகிளிப்டின்; ஜார்டியன்ஸில் உள்ளது எம்பாகிளிஃப்ளோசின். இவ்விரண்டும் நம் ஊர் மருந்துச் சீட்டுகளிலும் காணப்படுபவை. சிட்டாகிளிப்டினின் காப்புரிமை இந்தியாவில் 2022 ஜூலையில் முடிந்தது. எம்பாகிளிஃப்ளோசினுடையது 2025 மார்ச்சில். காப்புரிமை உள்ளவரை ஒரு நிறுவனமோ அதன் இசைவு பெற்றவரோ மட்டுமே விற்க இயலும். அது முடிந்தவுடன் பல நிறுவனங்கள் களத்தில் இறங்கின. ஒரு மாத்திரை சுமார் 60 ரூபாயாக இருந்த எம்பாகிளிஃப்ளோசின், சில நாட்களுக்குள் 10 ரூபாய்க்கும் குறைவாகக் கிடைத்தது. இந்தச் செய்தி நோயாளியின் வீட்டை வந்தடைந்ததா என்பதுதான் ஐயம். சில ஆண்டுகளுக்கு முன் எழுதிய சீட்டைக் காட்டி அதே வணிகப் பெயரைத் தொடர்ந்து கேட்டு வாங்குவோர், பழைய பெயருக்கான விலையையே கொடுத்துக்கொண்டிருக்கக்கூடும். ஆண்டுக்கு ஒரு முறையாவது, "இதே மருந்து குறைந்த விலையில் வந்திருக்கிறதா, ஐயா?" என்று மருத்துவரைக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். மருத்துவர் தவறாக எண்ண மாட்டார்.

பொதுப்பெயர் மருந்துகளைக் குறைந்த விலையில் விற்பதற்கென்றே இரண்டு வகைக் கடைகள் உள்ளன. நடுவணரசின் மக்கள் மருந்தகங்கள் 2008இல் தொடங்கின. இன்று நாடெங்கும் 15,000க்கு மேல் உள்ளன. தமிழ்நாடு அரசின் முதல்வர் மருந்தகங்கள் 2025 பிப்ரவரி 24ஆம் நாள் ஒரே நேரத்தில் 1,000 இடங்களில் திறக்கப்பட்டன; கூட்டுறவுச் சங்கங்களும் மருந்தாளுநர் பட்டமோ பட்டயமோ பெற்ற தொழில்முனைவோரும் அவற்றை நடத்துகின்றனர். சீட்டில் வணிகப் பெயர் மட்டும் இருந்தால் இக்கடைகளில் அதனைப் பொருத்திப் பார்ப்பது கடினமாகலாம். பொதுப்பெயரையும் அளவையும் தெளிவாக எழுதித் தருமாறு கேட்டுப் பெறுங்கள்.

சாதாரணக் கடையில் வாங்கினாலும் விலையைச் சரிபார்க்க வழியுண்டு. ஆணையத்தின் 'ஃபார்மா சஹி தாம்' செயலியில் மருந்தின் பெயரை இட்டால் உச்ச விலை தெரியும். கூடுதலாக வாங்கினால் 1800 111 255 என்ற கட்டணமில்லா எண்ணில் முறையிடலாம். 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கான சரக்கு-சேவை வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்திருப்பதையும் இரசீதில் கவனியுங்கள்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டுப் பகுதிகளின் தோல் ஆலைகளிலும் காலணித் தொழிற்சாலைகளிலும் பணியாற்றியவர்களுக்குத் தனியாக ஒரு செய்தி. வேலையில் இருந்தவரை இ.எஸ்.ஐ. அட்டையில் மருந்து பெற்றவர்கள், ஓய்வு பெற்றதும் அந்த உரிமை முடிந்துவிட்டது என்று எண்ணிவிடுகிறார்கள். ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் காப்பீட்டில் இருந்து, ஓய்வு வயதை எட்டிப் பணி விலகியவர், ஆண்டுக்கு 120 ரூபாய் செலுத்தினால் அவருக்கும் அவருடைய துணைவருக்கும் மருத்துவ வசதி தொடரும். மாதத்துக்கு 10 ரூபாய்தான். பழைய காப்பீட்டு எண்ணையும் பணி விலகியதற்கான சான்றையும் எடுத்துக்கொண்டு இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தை அணுகுங்கள். தொழிற்சாலை மூடப்பட்டிருந்தாலும் பழைய அட்டையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

மலிவான மருந்துக்கு மாறும்போது நேரக்கூடிய ஓர் ஆபத்தையும் கவனித்துக்கொள்பவர்கள் அறிந்திருக்க வேண்டும். தமிழ்நாடு அரசின் முத்திரையோடு வரும் அட்டையும் கடையில் வாங்கிய அட்டையும் நிறத்தாலும் வடிவத்தாலும் வேறுபடும். இரண்டும் வெவ்வேறு மருந்து என்று எண்ணி, தன்னார்வலர் கொடுத்த அம்லோடிபினையும் கடையில் வாங்கிய அம்லோடிபினையும் சேர்த்து விழுங்கிவிட்டு, இரத்த அழுத்தம் மிகவும் இறங்கி, எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழ நேரலாம். சர்க்கரை மாத்திரையில் இது நேர்ந்தால் இன்னும் மோசம்; விடியற்காலையில் நினைவு தப்பும் அளவுக்குச் சர்க்கரை குறையலாம்.  அட்டையில் அச்சிட்டிருக்கும் பொதுப்பெயரை வீட்டில் படிக்கத் தெரிந்த பிள்ளைகளைக் கொண்டு ஒப்பிட்டுப் பாருங்கள். தைராய்டு மருந்து, வலிப்பு மருந்து, இரத்தம் உறையாமல் காக்கும் வார்ஃபரின் ஆகியவற்றை மட்டும் மருத்துவரிடம் சொல்லாமல் வேறு நிறுவனத்துக்கு மாற்ற வேண்டாம். அவற்றில் சிறு அளவு வேறுபாடும் உடலைப் பாதிக்கும். மாற்றியபின் இரத்தப் பரிசோதனை தேவைப்படலாம்.

அடுத்த முறை மறுபரிசோதனைக்கு வரும்போது, வீட்டில் உள்ள எல்லா அட்டைகளையும், தீர்ந்துபோனவை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். எந்த மாத்திரையை விலை காரணமாக விட்டீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். சீட்டில் உள்ளவற்றுள் எவை ஆரம்ப சுகாதார நிலையத்தில் விலையின்றிக் கிடைக்கும், எவற்றைப் பொதுப்பெயரில் வாங்கலாம், எவற்றை மாற்றக் கூடாது என்று மருந்துப் பிரிவில் உள்ளவர்கள் சீட்டின் ஓரத்திலேயே தமிழில் குறித்துத் தருவார்கள்.